பேர் சொல்லாத சம்சாரமும் ஒரு பெனிசிலின் ஊசியும்

உ

கோயமுத்தூர்,
செவ்வாய்க்கிழமை, 13.8.1996.

மதிப்பும் மரியாதையும் மிக்க அந்தியூர் மச்சான் தம்பிதுரை அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை தெய்வாத்தாளின் வீட்டுக்காரன் குமாரசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. அவ்விடத்தில் நீங்களும் அக்காவும் குழந்தைகளும் சுகமென்று நம்புகிறேன். குருநாதசாமி பண்டிகைச் சந்தை நல்லபடியாக முடிந்து, நீங்கள் கண் வைத்திருந்த அந்த மயிலைக் காளை வேறு யார் கைக்கும் போகாமல் நம் கட்டுத்தரைக்கே வந்து சேர்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இவ்விடத்தில் நான் சுகமில்லை. சுகமாக இருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எதற்காகப் படுத்துக்கொண்டு எழுதப் போகிறேன்.

பதற வேண்டாம். கொஞ்ச நாளாக அடிவயிற்றில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு, இருமினால் வெளியே வருவதும் படுத்தால் உள்ளே போவதுமாக இருந்தது. குடலிறக்கம் என்று சொல்லிப் பீளமேட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை. இந்தக் கடிதம் உங்கள் தங்கையைப் பற்றி. நீங்கள் வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் கிளம்பி வந்து, ஒன்று அவளுக்குப் புத்தி சொல்லி என் கட்டிலண்டை உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டு நீங்களே எனக்குத் துணை இருக்க வேண்டும். எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணியிருப்பேன். ஆனால் பூத்தில் எப்போதும் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். உங்கள் தங்கை வார்டு முழுக்கக் கேட்க என்ன சொல்லிக் கத்தினாள் என்பதை அந்த நாலு பேர் காது கேட்கச் சொல்ல எனக்கு வாய் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். பெரியநாயக்கன்பாளையத்தில் நம் லேத்துப் பட்டறையில் மோட்டார் ஷாஃப்ட் ஒன்று அளவு பார்க்காமல் வெளியே போனதில்லை. மயிரிழை கூடினாலும் திருப்பி மிஷினில் ஏற்று என்று சத்தம் போடுகிற ஆள் நான். ஆனால் வெள்ளைக் கோட்டைக் கண்டால் மட்டும் என்னவோ, நாக்கு தானாக மடங்கி 'சரிங்க' என்று சொல்லிவிடுகிறது. படித்தவர்கள், நம் நல்லதுக்காகப் பாடுபடுகிறவர்கள், அவர்களிடம் போய் 'இல்லைங்க' என்று சொன்னால் மனசு நோகாதா என்று ஒரு இது. இங்கே வந்த மறுநாளே உப்பில்லாத கஞ்சியும் உப்பில்லாத சுரைக்காயும் கொண்டுவந்து வைத்து, 'உங்களுதுதானுங்களே?' என்றார்கள். 'சரிங்க' என்று வாங்கிச் சாப்பிட்டேன். அது யாரோ ரத்தக் கொதிப்புக்காரருடைய சாப்பாடு. அந்த மனுஷன் என் உப்புப் போட்ட குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கும் அடுத்த நாள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்து, 'கண்ணுக்குப் போலாமுங்களா?' என்றார். 'சரிங்க' என்று ஏறி உட்கார்ந்துகொண்டேன். கண் டாக்டர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துக் காட்டினேன். இந்த வயதில் இப்படிப் பார்வையா என்று அவர் மெச்சிக்கொண்டார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கண்ணில் ஏதோ சொட்டு மருந்தை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வரைக்கும் உங்கள் தங்கையின் முகமே எனக்குப் புகையாகத் தெரிந்தது. குடலிறக்கத்துக்குக் கண்ணில் எதற்கு மருந்து என்று கேட்டது அவள்தான். 'டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது, சும்மா இரு' என்று அவளை அடக்கிவிட்டேன்.

இது டாக்டர் சுரேந்தர் காதுக்கு எட்டிவிட்டது. அவர்தான் எனக்கு ஆபரேஷன் செய்யப் போகிறவர். சின்ன வயசு, மேல்படிப்புக்கு வெளியில் எங்கேயோ போய்விட்டு வந்தவர், நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. என் கட்டில் ஓரமாக முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அய்யா, உங்களைக் குத்தம் சொல்லலீங்க. படுத்திருக்கறவங்களுக்குப் பயம் இருக்கும், அசதி இருக்கும். எங்களுக்கும் கை நெறைய வேலை, கண்ணு தப்பிப் போயிருமுங்க. அதனால உங்க ஊட்டு ஆளுங்களும் எங்ககூடச் சேர்ந்து பாத்துக்கோணும். ஏதாச்சும் தப்பாப் பட்டா நிறுத்தச் சொல்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டோம்" என்றார். நான் 'சரிங்க' என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, உங்கள் தங்கை பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வார்டில் ஒரு புதுச் சட்டம் போட்டுவிட்டார். ஊசியோ மாத்திரையோ எது வந்தாலும், நோயாளியைக் கேட்கக் கூடாது, துணைக்கு இருக்கிறவர் நோயாளியின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது சிஸ்டர் கையில் இருக்கிற சீட்டோடு ஒத்துப்போனால்தான் மருந்து.

நல்ல சட்டம்தான் மச்சான், நம் பட்டறையில் நான் வைத்திருக்கிற மாதிரியான சட்டம். ஆனால் உங்கள் வீட்டு வளர்ப்பை அவர் யோசிக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் தங்கை என் பெயரைச் சொன்னது கிடையாது. பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று உங்கள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். ஓட்டுக்கு ஆள் கணக்கெடுக்க வந்தால் காலண்டரைக் கழற்றிக் கொண்டுபோய் முருகன் படத்தைக் காட்டுவாள். முதல் நாள் சிஸ்டர் சாந்தாமணி மாத்திரையோடு வந்து, "பேஷண்ட் பேரு சொல்லுங்கம்மா" என்றதும் இவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மருதமலை இருக்கிற திசையைக் காட்டினாள். சிஸ்டர் "மலையப்பனுங்களா?" என்றார். இவள் இல்லை என்று தலையாட்டினாள். "முருகேசனுங்களா?" அதுவும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் "வேலுச்சாமி" என்றார். கோடியிலிருந்து ஒரு அம்மா "பழனிச்சாமி" என்றது. "கந்தசாமி", "ஆறுமுகம்", "சுப்பிரமணி" என்று வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பேர் சொல்ல, சஷ்டி அன்றைக்குக்கூடக் கோயிலில் முருகனுக்கு இத்தனை பேர் கிடைத்திருக்காது. மாத்திரை சிஸ்டர் கையிலேயே வியர்த்துக்கொண்டிருந்தது. நான் குறுக்கே என் பேரைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "நீங்க சொல்லக் கூடாதுங்கய்யா, சட்டம்" என்றுவிட்டார் சிஸ்டர். நானும் 'சரிங்க' என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் உமர் பாரூக். உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம். துருப்பிடித்த தகடு காலில் ஏறிப் புண் ஆழமாகப் போய்விட்டது. அருமையான மனுஷன். காலை டீ வந்தால் "உங்களுக்கு ஊத்தட்டுமுங்க" என்பார், நான் "இல்லைங்க, நீங்க மொதல்ல" என்பேன், டீ ஆறிப்போகும் வரைக்கும் ரெண்டு பேரும் குடிக்க மாட்டோம். அவர் சம்சாரம் ஆமினா பீவியும் அவர் பேரைச் சொல்லாது. "எங்க ஊட்டுக்காரரு" என்பதோடு சரி. இப்படி ரெண்டு கட்டிலுக்கும் மருந்து தாமதமாகிக்கொண்டே போனதால், பெண்கள் இருவரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காதோடு காதாகப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தன் புருஷன் பேரைத்தானே சொல்லக் கூடாது, அடுத்தவர் புருஷன் பேரைச் சொல்லத் தடை ஒன்றுமில்லையே. எனக்கு மருந்து வந்தால் ஆமினா பீவி "குமாரசாமி" என்று சொல்லும். உமர் பாரூக்குக்கு வந்தால் உங்கள் தங்கை "உமர் பாரூக்" என்று கணீரென்று சொல்லுவாள். நான்கூட, 'பரவாயில்லையே, நம்மவளுக்கும் மூளை இருக்கிறதே' என்று நினைத்துக்கொண்டேன். வார்டில் எல்லோருக்கும் இந்த ஏற்பாடு தெரியும். டாக்டர் சுரேந்தருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் வருத்தப்படுவாரே என்றுதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போன வருஷம் முதுகில் கட்டி வந்தபோது நம்மூர் டாக்டர் ஒரு பெனிசிலின் ஊசி போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சு இழுத்துக்கொண்டு, வேறு ஊசியெல்லாம் போட்டு ஒருவழியாக என்னை இழுத்துப் பிடித்தார்கள். 'இன்னொருக்கா பெனிசிலின் போட்டா ஆளு தேறாதுங்க' என்று அந்த டாக்டர் உங்கள் தங்கையிடம் சொல்லியிருந்தார். இங்கே சேர்ந்த அன்றே அவள் அதைச் சொல்லி, என் சீட்டில் சிவப்பு மசியில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். உமர் பாரூக்கின் கால் புண்ணுக்குப் போடுகிற ஊசி அதே பெனிசிலின்தான்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஆமினா பீவி ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்கக் கீழே போயிருந்தது. உங்கள் தங்கை ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் முக்காலியில், என் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாந்தாமணி சிஸ்டருக்கு அன்று லீவு. வேறு வார்டிலிருந்து புதுசாக ஒரு சிஸ்டர் தட்டோடு வந்தார். அது உமர் பாரூக்குக்கு ஊசி போடுகிற நேரம். "பேஷண்ட் பேரு சொல்லுங்கம்மா." இவள் ஒப்பந்தப்படி "உமர் பாரூக்" என்றாள். சொல்லிவிட்டுக் கூடையிலிருந்து கஞ்சிப் பாத்திரத்தை எடுக்கக் குனிந்துவிட்டாள். சிஸ்டர் சீட்டைப் பார்த்தார், பேர் ஒத்துப்போயிற்று. அந்த அம்மாள் யார் பக்கம் உட்கார்ந்திருக்கிறாளோ அவர்தானே நோயாளி. என்னிடம் வந்து, சட்டத்துக்கு மேலேயே ஜாக்கிரதையாக, "உமர் பாரூக்தானுங்களே?" என்று என்னையும் ஒரு வார்த்தை கேட்டார். மச்சான், என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் சம்சாரம் அந்தப் பேரை இப்போதுதான் வாய் நிறையச் சொல்லியிருக்கிறாள். நான் இல்லை என்று சொன்னால் அந்நியர் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கின மாதிரி ஆகாதா. தவிர, சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 'ஆமாங்க' என்று சொல்லி, வேட்டியைத் தளர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். உமர் பாரூக் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் பேரைத்தான் சொல்லுகிறார்கள் என்று அவருக்குக் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்லீங்க சிஸ்டர், அவருக்கே மொதல்ல போட்டுருங்க, நான் பொறவு போட்டுக்கறேன்" என்றார்.

பஞ்சை வைத்துத் துடைத்துவிட்டார்கள். குளுகுளுவென்று இருந்தது. அப்போதுதான் உங்கள் தங்கை நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். கஞ்சிப் பாத்திரம் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே ஒரு சத்தம், நம் பட்டறையில் சங்கு ஊதினால்கூட அப்படிக் கேட்காது:

"அட குமாரசாமி! வேண்டாம்னு சொல்லு!"

'ங்க' இல்லை. 'ஏனுங்க' இல்லை. 'குமாரசாமி'யாம், 'சொல்லு'வாம். சிஸ்டர் கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. நான் சுவரைப் பார்த்தபடியே, வேண்டாம் என்று சொல்லாமல், "சரிங்க" என்று அவளுக்குப் பதில் சொன்னேன். வாயில் வந்தது அதுதான்.

பிறகு சிஸ்டரைத்தான் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். பாவம், அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை. டாக்டர் சுரேந்தர் ஓடி வந்தார். அவரிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் நடந்ததைச் சொன்னோம். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பேர் மாற்று ஏற்பாட்டைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். "தப்பு என் சட்டத்துலதானுங்க. சட்டம் போடறதுக்கு முன்னால உங்களையெல்லாம் ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்" என்று சொல்லி, உங்கள் தங்கையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க கத்தலைன்னா என்ன ஆகியிருக்குமுங்க அம்மணி" என்றார். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் சிஸ்டர்களும் நோயாளி வீட்டு ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசப் போகிறார்களாம், இப்படித் தப்பு நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று. அதற்கு இவள் கட்டாயம் வர வேண்டுமாம். என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை. இருந்தாலும் பட்டறை வைத்து நடத்துகிறவன் நான் ஒருத்தன் இங்கே இருக்கிறேனல்லவா.

அவரவர் புகழ்ந்துவிட்டுப் போய்விட்டார்கள். என் பாடு எனக்கல்லவா தெரியும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊசி போகட்டும், நாலு பேர் நடுவில் இப்படியா கூப்பிடுவது என்று திரும்பி அவளைத் திட்டப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்வதில் இறங்கிவிட்டேன். அன்றைக்கு வெளித் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தவள்தான், இன்னும் உள்ளே வரவில்லை. பேரைச் சொல்லி என் ஆயுளைக் குறைத்துவிட்டாளாம். குருநாதசாமிக்கு நேர்ந்துகொண்டு, சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துவிட்டாள். எனக்குக் கஞ்சியை ஆமினா பீவி கையில் கொடுத்து அனுப்புகிறாள். கதவு இடுக்கு வழியாக நான் மூச்சு விடுகிறேனா என்று பார்க்கிறாள், நான் பார்த்தால் தலையை இழுத்துக்கொள்கிறாள். நானும் இங்கிருந்தே, 'ஆயுசெல்லாம் அப்படிக் குறையாது, உள்ளே வா' என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். காதிலேயே வாங்கவில்லை.

மேலே ஆபரேஷனுக்குப் பயமில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். வெள்ளிக்கிழமை என்னை எங்கேயோ தள்ளிக்கொண்டு போவார்கள், யார் யாரோ வருவார்கள், எதையாவது கேட்பார்கள், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு படுத்திருப்பேன். வேண்டாம் என்று எனக்காகச் சொல்ல அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதனால் குருநாதசாமி கோயில் திருநீறு கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கிடைக்கிற பஸ்ஸைப் பிடித்து வந்து சேருங்கள். அண்ணன் சொன்னால் கேட்பாள். கேட்கவில்லையென்றால் நீங்களே என் பக்கத்தில் இருங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் 'சரிங்க' வியாதி உண்டு. ஆனால் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், சுழி பார்க்காமல் ஒரு மாட்டைக்கூட நீங்கள் வாங்கினதில்லை. அந்தக் கண்ணோடு வாருங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. சின்னஞ்சிறுசுகளுக்கெல்லாம் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க ஆசி. மயிலைக் காளைக்குக் கண்ணேறு படாமல் ஒரு கறுப்புக் கயிறு கட்டவும்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்பார்த்துப் படுத்திருக்கும் மாப்பிள்ளை,
குமாரசாமி.

பி.கு.: இன்று புதன்கிழமை. தபாலில் சேர்க்க ஆள் கிடைக்காமல் கடிதம் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது நல்லதாகப் போயிற்று. கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளவும். நீங்கள் வர வேண்டாம்.

காலையில் கூட்டம் நடந்தது. வரமாட்டேன் என்றவளை ஆமினா பீவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. நானும் சக்கர நாற்காலியில் போய்க் கடைசியில் இருந்துகொண்டேன். டாக்டர் சுரேந்தர் இவளைப் பார்த்து, என்ன செய்தால் நல்லதென்று நீங்களே சொல்லுங்கள் என்றார். எழுந்து நின்றாள். "பேரை நாங்க சொல்றோமுங்க. ஆனா கையில இருக்கறது என்ன மருந்துன்னு அவுங்க எங்களுக்குச் சொல்லோணும். மாட்டுக்காரன் மாட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லாமக் கயித்தக் கையில குடுத்தா எங்கண்ணன் வாங்குவாருங்களா? அன்னைக்கு அந்தப் புள்ள பெனிசிலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் குனிஞ்சே இருக்க மாட்டேனுங்க" என்றாள். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். இனி அதுதான் சட்டமாம். பிறகு டாக்டர் மெதுவாக, "பேரைச் சொல்லிப்போட்டதுல உங்களுக்கு வருத்தம்னு கேள்விப்பட்டனுங்க" என்றார்.

"வருத்தந்தானுங்க. ஊட்டுக்காரர் பேரு குமாரசாமிங்க" என்று தானாகவே இன்னொரு தடவை சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பேரைச் சொன்னதுல ஒரு ரெண்டு வருசம் கொறஞ்சுதான் போயிருக்கும். ஆனாச் சொல்லாம இருந்திருந்தா அன்னைக்கே போயிருப்பாருங்க. கடைசி ரெண்டு வருசந்தானே, போனாப் போகுதுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். இன்னொருக்கா அப்படி ஒரு ஊசி வந்தாலும் கத்தத்தானுங்க செய்வேன்."

இப்போது என் கட்டிலண்டைதான் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சாந்தாமணி சிஸ்டர் கொண்டுவந்த மாத்திரை என்ன மாத்திரை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். என் ஆயுளில் ரெண்டு வருஷத்தை அவளாகவே எடுத்துக் கொடுத்துவிட்டாள். உங்களுக்குச் சம்மதமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மச்சான். கேட்டிருந்தாலும் நான் 'சரிங்க' என்றுதான் சொல்லியிருப்பேன்.